வீட்டுக்கென்று விட்ட இரண்டு வரிசை

டெல்லி துவாரகாவில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் பூங்கோதையின் வண்டி நிற்க ஆரம்பித்துப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரு தள்ளுவண்டி, அதன் மேல் நீலத் தார்ப்பாய், உட்காரக் கவிழ்த்துப் போட்ட தக்காளிப் பெட்டி, இவ்வளவுதான் கடை. சின்ன வெங்காயம், முருங்கைக்காய், வாழைப்பூ, சேப்பங்கிழங்கு, தேங்காய், வெள்ளிக்கிழமையானால் வாழை இலை. மற்ற வண்டிக்காரர்கள் காய் வாங்கினால் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் சும்மா அள்ளிப் போடுவார்கள். பூங்கோதை அதோடு ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் போடுவாள். அந்தக் கொசுறுக்காகவே இரண்டு செக்டர் தள்ளி இருந்தெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் அவளிடம் வந்தன.

அந்தக் குடியிருப்புக்கே கல் சுமந்தவள் அவள். சங்கராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமான கையோடு கணவன் பச்சைமுத்துவுடன் டெல்லிக்கு ரயிலேறினாள். அவன் கொத்தனார், அவள் சித்தாள். கட்டடம் எழும்பி, வர்ணம் அடித்து, குடும்பங்கள் குடியேறிய பிறகு முதல்முறை காய்கறிக் கூடையோடு வாசலில் வந்து உட்கார்ந்தவளைக் காவலாளி விரட்டினான். தெரிந்த இந்தியில் பூங்கோதை கேட்டாள்:

"தீஸ்ரீ மன்ஸில் தக் ஈண்ட் மைனே உட்டாயா. தூ கஹாங் தா?"

மூன்றாவது மாடி வரை செங்கல் சுமந்தது நான், அப்போது நீ எங்கே இருந்தாய் என்று அர்த்தம். அவன் அப்போது பீகாரில் பள்ளிக்கூடத்தில் இருந்தான். தன் நாற்காலிக்கே திரும்பிப் போய்விட்டான். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

பச்சைமுத்து சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கிய பிறகு அந்த வண்டிதான் குடும்பத்தைத் தாங்கியது. எலும்பு கூடிய பிறகு அவன் விடியற்காலையில் விந்தி விந்தி வண்டியைத் தள்ளிக் கொண்டுவந்து நிறுத்துவான். பிறகு வீட்டுக்குப் போய் வாழைப்பூ ஆய்ந்து வைப்பான். அமைதியான ஆள். மனைவி யாரோடாவது மல்லுக்கு நிற்கும்போதெல்லாம் "எதுக்குடி ஊரோட சண்ட?" என்று கேட்பான். ஒருநாளும் அவளைத் தடுத்ததில்லை.

ஆவணி மாதம், மழை விட்டுப் புழுங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜ்யோத்ஸ்னா வண்டிக்கு வந்தாள். ஐந்தாவது மாடி வத்சலா மாமியின் மகள். குர்காவ் பக்கம் உணவுப் பொருட்களைப் பரிசோதிக்கும் ஒரு தனியார் லேபில் வேலை. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழும் இந்தியும் கலந்துதான் வாயில் வரும்.

"ஆன்ட்டி, ஒரு விஷயம் சொல்லணும். புரா மத் மானியே."

"சொல்லும்மா, கோவிச்சுக்க என்ன இருக்குது?" பூங்கோதை ஒரு கறிவேப்பிலை இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். அது அவள் வழக்கம். வெற்றிலை போடுகிறவர்களைப் போல நாள் முழுக்கக் கறிவேப்பிலை மெல்லுவாள்.

"லேப்ல புது மெஷின் வந்திருக்கு. பழகறதுக்கு ஏதாவது இலை வேணும்னு சொன்னாங்க. ஃப்ரிட்ஜ்ல நீங்க அம்மாக்குக் குடுத்த கடி பத்தா, அதான் இந்தக் கருவேப்பிலை, இருந்தது, எடுத்துண்டு போனேன். அதுல பூச்சி மருந்து இருக்கு ஆன்ட்டி. நாலஞ்சு விதம். ஒண்ணு ரொம்ப ஜாஸ்தி. மெஷின்தான் தப்பா சொல்றதுன்னு திரும்பப் போட்டுப் பாத்தேன். அதேதான் வந்தது."

பூங்கோதையின் வாய் நின்றது. மென்றதைக் கையில் துப்பிப் பார்த்தாள்.

"என் இலையில வெசம்னு சொல்றியா?"

"உங்க இலைன்னு சொல்லல..."

"என் வண்டியில எடுத்த இலதான? அப்ப வேற யாருது? கழுவித்தான் வெக்கறன். நிமிசத்துக்கு ஒரு தரம் தண்ணி தெளிக்கறன். உன் மெசினுக்குக் கண்ணு தெரியல, போ."

ஜ்யோத்ஸ்னாவின் முகம் சிறுத்துவிட்டது. ஆனாலும் நகரவில்லை. வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூங்கோதை இரண்டு பேருக்கு வெங்காயம் நிறுத்துப் போட்டாள், ஒருத்தருக்குத் தேங்காய் தட்டிப் பார்த்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பினால் அந்தப் பெண் இன்னும் அங்கேயேதான் இருந்தாள்.

"கழுவுனா ஏன் போவாது?" என்று பூங்கோதை கேட்டாள். குரலில் கோபம் குறையவில்லை, ஆனால் கேள்வி நிஜமான கேள்வி.

ஜ்யோத்ஸ்னா தட்டுத்தடுமாறிச் சொன்னாள். கறிவேப்பிலையின் மேலே மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, உள்ளே எண்ணெய் இருக்கிறது, அந்த எண்ணெய்தான் வாசனை. இந்த மருந்துகளில் பலவும் எண்ணெயோடு சேருகிற ஜாதி. தண்ணீர் மேலாக வழிந்துபோகும், மருந்து உள்ளே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புளித் தண்ணீரில் ஊறவைத்து அலசினால் கொஞ்சம் போகும், முழுக்கப் போகாது.

"அப்ப எப்பத்தான் போவும்?"

"மரத்துல இருந்தாப் போகும் ஆன்ட்டி. வெயில் அதை உடைக்கும். இலையே உள்ள கொஞ்சம் கொஞ்சமா உடைச்சுப் போடும். செடி வளர வளர இருக்கற மருந்தும் நீர்த்துப் போகும். டைம் குடுக்கணும், அவ்வளவுதான். ஆனா அடிச்ச நாலாம் நாளே வெட்டிட்டா? வெட்டி, ஈரச் சாக்குல சுத்தி, ஐஸ் வச்சு, ப்ளேன்ல ஏத்தி... வெயிலும் கிடையாது, வளர்ச்சியும் கிடையாது. இலை எப்படி வாடாம இருக்கோ, மருந்தும் அப்படியே போகாம இருக்கும்."

இதைக் கேட்டதும் பூங்கோதை தன் வண்டியைப் பார்த்தாள். ஈரச் சாக்குக்கு அடியில் கறிவேப்பிலை அன்று காலையில் பறித்ததுபோல் பளபளத்தது. இந்தப் பச்சைக்காகத்தான் அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போனபோது பச்சைமுத்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். அவனுக்குச் சர்க்கரை உண்டு. கறிவேப்பிலை நல்லது என்று யாரோ சொன்னதிலிருந்து தினமும் அவனுக்குத் துவையல் அரைத்து வைப்பாள். அவன் தட்டிலிருந்து துவையலை வழித்தெடுத்துக் குப்பையில் கொட்டினாள்.

"நல்லாத்தான இருந்துச்சு?" என்றான் அவன்.

"நல்லாதான் இருக்கும். அதான் பிரச்சன," என்றாள்.

மறுநாள் காலை மண்டிக்குப் போனாள். சிவஞானம் அண்ணாச்சி தென்காசிக்காரர். தெற்கிலிருந்து வரும் காய்களை இறக்கி, டெல்லியில் உள்ள தமிழ், மலையாளக் கடைகளுக்கெல்லாம் போடுகிறவர். பூங்கோதை வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து அவரிடம்தான் சரக்கு எடுக்கிறாள். மழையில் நனைந்து நின்றால் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுக்கிற மனுஷன்.

விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"நானா மருந்து அடிக்கேன்? லோடு வருது, எறக்குதோம், விக்கோம். இங்க பாரு, ஒரு பொட்டு உண்டுமா இந்த இலையில? ஒரு ஓட்டை உண்டுமா? இப்படி இல கெடைக்கணும்னா சும்மா கெடைக்குமா?"

"அதான் அண்ணாச்சி, பூச்சியே தொடாத இலையை நாம தொடறம். அடிச்சு எத்தினி நாள் கழிச்சு வெட்டுறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

"கேட்டா சொல்லுவானா? நீ என்ன, இன்ஸ்பெக்டரா? டெல்லி பூரா திங்குது. எவனாவது செத்தானா? ஏவாரம் பண்ண வந்தா ஏவாரத்தப் பாக்கணும்."

"எனக்கு இந்தக் கருவேப்பில வாணாம்."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அக்கம்பக்கத்தில் சரக்கு எடுக்க நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாம்னா வேண்டாம். ஆனா ஒண்ணு பாத்துக்க. இல வேண்டாங்கவளுக்கு முருங்கக்காயும் கெடையாது, சின்ன உள்ளியும் கெடையாது. எங்கிட்ட எடுத்தா எல்லாத்தயும் எடு. இல்ல, ஒண்ணும் எடுக்காத."

பூங்கோதை கொண்டுவந்த சாக்குகளை உதறி மடித்தாள். "சரிங்க அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தாள். மண்டி வாசலைத் தாண்டியதும் சாக்குகளைக் கீழே போட்டாள். அங்கேயே ஒரு கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் போகலாமா என்று ஒருதரம் தோன்றியது. போகவில்லை.

வேறு மண்டி என்றால் யமுனைக்கு அந்தப் பக்கம். டெம்போ பிடித்தால் கட்டுப்படியாகாது. ப்ளூ லைன் மெட்ரோ ரயிலில் முருங்கைக்காய்க் கட்டோடு ஏறப் பார்த்தாள். ஸ்கேனிங் மெஷினுக்குள் போன கட்டைப் பார்த்துவிட்டுப் பாதுகாப்புக்காரர் "யே க்யா ஹை?" என்று, இது என்ன என்று கேட்டு, எழுந்தே நின்றுவிட்டார். "சப்ஜி ஹை, பையா. காவோகே?" காய்தான், தின்கிறாயா என்று ஒரு காயை ஒடித்து நீட்டினாள். அவர் சிரித்து விட்டுவிட்டார். எல்லா நாளும் அவர் இருக்கவில்லை. விடாத நாட்களில் தலைச்சுமையோடு இரண்டு பஸ் மாறி வந்தாள்.

சரக்கு குறைந்தது. அதைவிடக் கறிவேப்பிலை இல்லாததுதான் பெரிய அடி.

"என்ன பூங்கோதை, இன்னிக்கும் கருவேப்பிலை கிடையாதா?" என்று பட்டாபி சார் தினமும் கேட்டார். மத்திய அரசில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வுபெற்றவர், இப்போது குடியிருப்புக் கமிட்டியின் செயலாளர். "ரசத்துல என்னத்தம்மா போடறது?"

"கொத்தமல்லி போடுங்க சார்."

"அதைத் தனியாப் போடுவோமே! இது இல்லாம எப்படி?"

காரணத்தைச் சொன்னாள். அவர் தலையாட்டினார். மறுநாள் ரோட்டின் எதிர்ப்பக்கத்தில் புதிதாக ஒரு வண்டி வந்து நின்றது. சிவஞானம் அண்ணாச்சி அனுப்பிய ஆள். அதே சின்ன வெங்காயம், அதே முருங்கைக்காய், கேட்காமலே இரண்டு கொத்துக் கறிவேப்பிலை. பட்டாபி சார் ரோட்டைக் கடந்து அங்கே போனதைப் பூங்கோதை பார்த்தாள். அவர் போகும்போது இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஜ்யோத்ஸ்னா தன் அம்மாவிடம் சொன்னதை, வத்சலா மாமி நல்ல எண்ணத்தோடுதான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறாள். அது நாலு கை மாறி வருவதற்குள் விஷயம் தலைகீழாகிவிட்டது. பூங்கோதை வண்டிக் காய்கறியில் விஷம், லேபிலேயே நிரூபணம், குழந்தைகள் ஜாக்கிரதை. யாரோ மண்டையோட்டுப் படம்கூடப் போட்டிருந்தார்கள். கறிவேப்பிலையை அவள் நிறுத்தி மூன்று வாரம் ஆனது அதில் எங்கேயும் இல்லை.

பட்டாபி சார் சங்கடத்தோடு வந்து நின்றார்.

"கமிட்டியில பேசினோம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல, நேக்கு உன்னைத் தெரியாதா? ஆனா எல்லாரும் பயப்படறா. கொஞ்ச நாளைக்கு கேட்டண்ட வண்டி போட வேண்டாம்னு..."

"யார் சொன்னாங்க? அவங்கள எறங்கி வரச் சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை பார்க்ல மீட்டிங் இருக்கு. நான் எடுத்துச் சொல்றேன், நீ கவலைப்படாதே."

"நீங்க சொல்ல வாணாம் சார். நானே வர்றன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை, தன் வண்டியைக் காவலாளி பார்க்கப் பார்க்கவே வாசலுக்குள் தள்ளிக்கொண்டு போய்ப் பார்க்கின் நடுவில் நிறுத்தினாள் பூங்கோதை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தமிழர்கள் பாதி, மற்றவர்கள் பாதி. அவள் தமிழிலும் இந்தியிலும் மாறி மாறிப் பேசினாள். எந்த மொழியில் பேசுகிறோம் என்று அவளுக்கே நினைவில்லை.

"கருவேப்பிலையில மருந்து இருந்துச்சு. நெஜம். தெரிஞ்ச அன்னிக்கே நிறுத்திட்டன். நானும் அதத்தான் தின்னுக்கிட்டு இருந்தன், என் புருசனுக்கும் அதத்தான் அரைச்சுக் குடுத்தன். நிறுத்துனதுக்கு எனக்கு மண்டியில சரக்கு இல்ல. உங்ககிட்ட ஏவாரம் இல்ல. இப்ப எடமும் இல்லங்கறீங்க. நிறுத்தாம வித்துக்கிட்டு இருந்தா எனக்கு எல்லாம் இருந்திருக்கும்."

பட்டாபி சார் ஏதோ சொல்ல எழுந்தார். அவள் விடவில்லை.

"இந்த மூணு வாரமா உங்க வீட்டுல யாருமே கருவேப்பில போடலையா? எதிர் வண்டியில வாங்குனீங்களே, அது எங்கேருந்து வருது? அதே மண்டி, அதே அண்ணாச்சி, அதே சாக்கு. நான் வாணாம்னு வெச்சுட்டு வந்த இலையத்தான் நீங்க வாங்கித் தின்னுக்கிட்டு என்னை வெசக்காரிங்கறீங்க."

பின்வரிசையில் ஜ்யோத்ஸ்னா எழுந்து நின்றாள். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி சொல்றது சஹி, நெஜம்தான். டெஸ்ட் பண்ணினது நான். நான் சொன்ன அன்னிக்கே அவங்க நிறுத்திட்டாங்க. அம்மா போட்ட மெசேஜ்ல அது இல்ல. எதிர்ல விக்கறதை நான் டெஸ்ட் பண்ணல, அதனால அதுல இருக்குன்னு சொல்ல மாட்டேன். ஆனா இல்லைன்னும் யாரும் சொல்ல முடியாது."

வத்சலா மாமி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது மாடிப் பஞ்சாபி அம்மாள் ஒருத்தி எழுந்து வந்து வண்டியிலிருந்து இரண்டு தேங்காயை எடுத்தாள். அவளுக்குத் தேங்காய் எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. கமிட்டி தீர்மானம் எதுவும் போடவில்லை. வண்டி வாசலுக்கே திரும்பிப் போனது.

இடம் திரும்பக் கிடைத்ததால் வியாபாரம் திரும்பிவிடவில்லை. கறிவேப்பிலை இல்லாத தமிழ்க் கடை என்ன கடை என்ற பேச்சு இருந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் முருகன் நினைவுக்கு வந்தான். பூங்கோதை வீட்டுக்குப் பின்தெருவில் குடியிருப்பவன், விமான நிலையத்தில் சரக்கு இறக்குகிறவன். கறிவேப்பிலை வருகிற அட்டைப் பெட்டிகளில் அனுப்புகிற வியாபாரியின் பெயரோடு தோட்டக்காரரின் பெயரும் போன் நம்பரும் ஒட்டியிருக்கும் என்று அவன் சொல்லியிருந்தான். குப்பைக்குப் போகிற பெட்டிகளிலிருந்து கிழித்துக் கொண்டுவரச் சொன்னாள். அவள் பலருக்குப் போன் போட்டாள். டெல்லி என்றதும் பாதிப் பேர் வைத்துவிட்டார்கள். மருந்து என்றதும் மீதிப் பேர் வைத்துவிட்டார்கள்.

வைக்காத ஒரே ஆள் ருக்மிணி. கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டக்காரி.

"டெல்லீங்களா? ஏனுங்க்கா, அத்தனை தூரத்துல இருந்துட்டு மருந்தப் பத்திக் கேக்கறீங்க. இங்க பக்கத்துல இருக்கறவங்களே கேக்கறதில்லீங்க."

ருக்மிணி ஒளிக்காமல் சொன்னாள். தோட்டத்தை வியாபாரி மொத்தமாகப் பேசி எடுத்துக்கொள்வான். அவன் ஆட்களே வந்து மருந்தடிப்பார்கள், இலை மினுங்க வேண்டும் என்று வெட்டுக்கு முன்னால் இன்னொரு தரமும் அடிப்பார்கள். எப்போது விமானத்தில் இடம் கிடைக்கிறதோ அப்போது வெட்டு. எத்தனை நாள் விட வேண்டும் என்பதெல்லாம் மருந்து டப்பாவின் மேல் பொடி எழுத்தில் கிடக்கும், படிப்பவர் யாருமில்லை.

"நீங்க அதத்தான் சாப்புடறீங்களா?" என்று பூங்கோதை கேட்டாள்.

ருக்மிணி மழுப்பவில்லை. "இல்லீங்க்கா. வீட்டுக்குன்னு கெணத்தோரமா ரெண்டு வரிச விட்டுருக்கறனுங்க. அதுல அடிக்க விடமாட்டனுங்க."

"அந்த ரெண்டு வரிசைய எனக்குக் குடுங்க."

ருக்மிணி சிரித்துவிட்டாள். "அதுல இல பூரா ஓட்டையா இருக்குமுங்க. புழு கடிச்சிருக்கும்."

"புழு தின்னுட்டு உசுரோட போச்சுன்னா நாங்களும் தின்னுவம். அனுப்புங்க."

முதல் பெட்டி வந்தபோது பூங்கோதை அதை வண்டிக்குக் கொண்டுபோகவில்லை. நேராக ஐந்தாவது மாடிக்குத் தூக்கிப் போனாள். ஜ்யோத்ஸ்னா லேபில் மேலதிகாரியிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு பரிசோதித்தாள். முடிவு வந்தபோது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"பழசைவிட ரொம்பக் கம்மி ஆன்ட்டி. ஆனா ஸீரோ இல்ல. பக்கத்து வரிசையில அடிச்சது காத்துல வந்து படிஞ்சிருக்கும்."

வண்டியை வீட்டுக்குத் தள்ளிப் போக வந்திருந்த பச்சைமுத்து கேட்டுக்கொண்டிருந்தான். "கம்மிதான? வித்துருடி. எத்தினி நாளைக்கு இப்படி?" என்றான். பூங்கோதை அன்று ராத்திரிச் சாப்பாட்டை முடித்துப் பாத்திரம் கழுவினாள். பிறகு ருக்மிணிக்குப் போன் போட்டு, இருந்ததை இருந்தபடி சொன்னாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள்.

ருக்மிணி வேறு மாதிரிச் செய்தாள். வியாபாரி வந்தபோது இந்த வருஷம் தோட்டம் உனக்கில்லை என்று சொல்லிவிட்டாள். அவன் கத்தினான். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் இவளுக்குக் கிறுக்கு என்றார்கள். அவள் ஆட்களைக் கூப்பிட்டு முழுத் தோட்டத்தையும் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து வெட்டிப் போட்டாள்.

"பழைய இலையெல்லாம் போய்த் தொலையட்டுமுங்க்கா. புதுசாத் துளுக்கட்டும். மருந்து படாத இலையா வரும்," என்று போனில் சொன்னாள். பிறகு, "பயமாத்தான் இருக்குதுங்க," என்றும் சொன்னாள்.

"எனக்கும்தான்," என்றாள் பூங்கோதை.

தளிர்த்து, இலை முற்றி, பெட்டி வந்து சேர்வதற்குள் தீபாவளியே போய்விட்டது. இந்தமுறை ஜ்யோத்ஸ்னா மாடியிலிருந்து ஓடியே வந்தாள். மெஷினில் எண் சொல்கிற அளவுக்கு எதுவும் தென்படவில்லை. வண்டியில் இலையைக் கொட்டிப் பரப்பினாள் பூங்கோதை. சின்ன இலை, கரும்பச்சை, அங்கங்கே ஓட்டை, சிலதில் மஞ்சள் புள்ளி. வாசனை மட்டும் ரோட்டின் எதிர்ப்பக்கம் வரை போனது.

"வந்துடுத்தா!" என்று பட்டாபி சார் கை நீட்டினார்.

"காசு சார்."

"எதுக்கு?"

"கருவேப்பிலைக்கு."

பட்டாபி சார் சுற்றுமுற்றும் பார்த்தார். "கருவேப்பிலைக்குக் காசா? என் ஆயுசுல கேட்டதில்லையேம்மா! எங்க வேணா கேட்டுப் பாரு, யாரும் தரமாட்டா."

"கொசுறா குடுத்தப்ப அது எங்கேருந்து வருதுன்னு நீங்களும் கேக்கல, நானும் கேக்கல சார். சும்மா வர்றத யாரு கேப்பாங்க? இப்ப காசு வாங்கறன். இனிமே நீங்க கேள்வி கேளுங்க. நான் பதில் சொல்றன்."

அவர் வாங்காமலே போனார். இரண்டு நாள் கழித்து மனைவியை அனுப்பி வாங்கினார். பாதிப் பேர் எதிர் வண்டியிலேயே இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மீதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே காசு கொடுத்தார்கள். ஓட்டை இலையை எடுத்துக் காட்டி "யே க்யா ஹை?" என்று கேட்ட இளம்பெண்ணிடம், "புழு மொதல்ல தின்னு பாத்திருக்கு, நல்லா இருக்குதாம்," என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு கொத்து வாங்கினாள்.

ஒருநாள் சிவஞானம் அண்ணாச்சியே தன் ஆளின் வியாபாரத்தைப் பார்க்க அந்தப் பக்கம் வந்தார். ரோட்டைக் கடந்து வந்து இலையைப் புரட்டினார்.

"ஒன் இல பூரா ஓட்டையால்லா இருக்கு?"

"ஓட்டைதான் அண்ணாச்சி. ஓட்டைக்குத்தான் காசு வாங்கறன்."

அவர் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார். மறுநாளும் எதிர் வண்டியில் அதே மினுக்குப் பச்சை வந்தது.

தை பிறந்த பிறகு ருக்மிணியிடமிருந்து போன் வந்தது. குரல் தாழ்ந்திருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க்கா. பூச்சி தாங்கலீங்க. வேப்பெண்ணெய்க்குக் கட்டுப்படல, குருத்தெல்லாம் சுருண்டு போச்சு. ஒருக்கா மருந்து அடிச்சுப்போட்டனுங்க."

பூங்கோதை பல்லைக் கடித்தாள். கத்தலாம் என்று வாயைத் திறந்தவள், தோட்டத்தை முழங்காலுக்கு வெட்டிப் போட்டவளின் குரல் இது என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி. வெட்டாதீங்க. டப்பாவுல எத்தினி நாள் போட்டிருக்குன்னு படிங்க. அதுக்கு மேலயும் விடுங்க, பனிக்காலம், வெயில் கம்மி, மெதுவாத்தான் போவுமாம். இந்தப் பொண்ணு பாத்துச் சொன்னப்புறம் வெட்டலாம்."

"அதுவரைக்கும் நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

"இல்லன்னு சொல்லுவன்."

சொன்னாள். வந்து கேட்டவர்களிடமெல்லாம், செடிக்கு மருந்து அடித்திருக்கிறது, அது இறங்க நாள் ஆகும், அதுவரை இலை கிடையாது என்று சொன்னாள். மறைத்திருக்கலாம், பனிமூட்டத்தில் விமானம் வரவில்லை என்று சொல்லியிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். முருகன்கூட அதைத்தான் சொல்லிக் கொடுத்தான். அவள் கேட்கவில்லை. சிலர் "இங்கேயும் மருந்துதானா?" என்று உதட்டைப் பிதுக்கி எதிர்ப்பக்கம் போனார்கள். பட்டாபி சார் போகவில்லை. "எப்ப வரும்னு மட்டும் சொல்லு," என்று கேட்டுவிட்டு வெறும் மிளகு ரசத்துக்குத் தக்காளி வாங்கிக்கொண்டு போனார்.

ஜ்யோத்ஸ்னா பார்த்துச் சொன்ன பிறகு இலை மறுபடி வந்தது. குளிர் போய், முருங்கைக்காய் வரத்து கூடியது. பூங்கோதையின் வண்டி ஓடுவதே முருங்கைக்காயால்தான். சாம்பாருக்குச் சும்மா இரண்டு என்று ஆரம்பித்துக் கட்டோடு வாங்கிப் போவார்கள். பங்குனி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜ்யோத்ஸ்னா வந்தபோது பூங்கோதை நாலு முருங்கைக்காயை மூன்றாக ஒடித்து ஒரு பையில் போட்டு அவள் கையில் திணித்தாள்.

"அம்மா கேக்கலியே ஆன்ட்டி?"

"அம்மாவுக்கு இல்ல. உன் மெசினுக்கு."

ஜ்யோத்ஸ்னா பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுலயும் இருந்தா?"

"இருந்தா நிறுத்துவன்."

"எல்லாத்தையும் நிறுத்திட்டா விக்கறதுக்கு என்ன இருக்கும்?"

"தேங்கா இருக்குது. ஓட்டுக்குள்ள இருக்குது பாரு, அவ்ளோ சுளுவா உள்ள போவாது." பூங்கோதை ஒரு தேங்காயை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தாள். "போ, ஜல்தி கொண்டுபோயிப் போடு. வெயில்ல வாடிடப் போவுது."

ஆட்டோவில் வந்து இறங்கிய ஒரு குடும்பம் முருங்கைக்காய் என்ன விலை என்று கேட்டது. பூங்கோதை விலையைச் சொன்னாள். பிறகு, இதை லேபுக்கு அனுப்பியிருக்கிறேன், முடிவு இன்னும் வரவில்லை, பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் தராசைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.